புதுப்பிப்பு: கிரெட்டா டர்போவா, ஹைரைடர் ஹைபிரிடா? வாங்கியாச்சு

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கோவை நெரிசலுக்கும் கோத்தகிரி மலைப்பாதைக்கும் ஏற்ற, பத்து வருடம் வைத்துக்கொள்ளக்கூடிய வண்டி ஹூண்டாய் கிரெட்டா 1.5 டர்போ டிசிடியா (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்), டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிடா (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது) என்று கேட்டிருந்தேன். ஹைரைடர் வாங்கிவிட்டோம்.

முடிவுக்கு உதவியது, "குடும்பத்தோடு ஏசி போட்டு மலையில் ஓட்டிப் பாருங்கள்" என்ற யோசனை. ஏற்றத்தில் ஓவர்டேக் செய்ய கிரெட்டாதான், சந்தேகமே இல்லை. அதன் 160 பிஎஸ் (குதிரைத்திறன்) எங்கே, ஹைபிரிடின் 116 எங்கே! ஆனால் எங்கள் வேகத்துக்கு ஹைரைடரும் திணறவில்லை.

நம்பகத்தன்மைக்கு இன்னொருவர் சொன்னதே கை கொடுத்தது: தேயும் பாகங்களை எண்ணுங்கள். டிசிடியில் இரண்டு கிளட்ச், கூடவே டர்போ. இந்த ஹைபிரிடில் டர்போ இல்லை, கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்கூட (எஞ்சினிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாகம்) இல்லை. பிளானட்டரி கியரும் (நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள்) மின் மோட்டார்களுமே வேலையைப் பார்க்கின்றன. 1997-இல் வந்த பிரியஸ் ஹைபிரிட் காரிலிருந்து டொயோட்டா வளர்த்துவரும் அமைப்பு இது. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி.

எதிர்பாராதது ஒன்று. இறக்கத்தில் கியரை 'B' (பிரேக்கிங்) மோடில் போட்டால் பிரேக் மிதிப்பது நன்றாகக் குறைகிறது. நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்ததும் எஞ்சின் சத்தம் திடீரென்று ஏறும். பயப்பட வேண்டாம், இறக்கத்தில் மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தைச் சேமிக்க இடமில்லாததால் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

அப்புறம், பேட்டரி பின்பக்கம் இருப்பதால் டிக்கி சிறியது. ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் பெரிய சூட்கேஸையும் எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள்.