வாத்துக்குத் தீனியும் தண்ணியும்: நேர்ல பார்த்த ஒரு விஷயத்தை எழுதுங்க

மடைவாய்:
மன்னார்குடி பக்கம் ஒரு கொட்டகை. 200 காக்கி கேம்பல், எல்லாம் முட்டை வாத்து. தீனியில குறை இல்ல, கொட்டகையும் சுத்தம். தண்ணி மட்டும் கோழிப்பண்ணை மாதிரி நிப்பிள் லைன்ல, அதாவது அலகால தட்டினா சொட்டு விழுற குழாய்ல. பாதி வாத்துக்குக் கண்ணோரம் மஞ்சளாப் பொருக்கு. ஒரு பெட்டை தலையைத் திருப்பி முதுகு இறகுல கண்ணைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு, நிறுத்தவே இல்ல. சொட்டு மருந்து ரெண்டு தடவை மாத்திப் பார்த்தாச்சாம்.

வாத்துக்குத் தண்ணி குடிக்க மட்டும் இல்ல. அலகு, மூக்குத் துளை, கண் வரைக்கும் முங்கி எடுக்கணும். அதுக்கு 12-15 செ.மீ. ஆழம் வேணும். 6 அங்குல பிவிசி பைப்பை நெடுக ரெண்டாப் பிளந்து தொட்டி வைக்கிறாங்க. பாதிப் பைப்புல ஆழம் ஏழரை செ.மீ.தான், அதனால பிரயோஜனம் இல்ல. பைப்பைப் பிளக்காம, மேல் பக்கம் 10 செ.மீ. அகலத்துக்கு மட்டும் நீளவாக்குல அறுத்து எடுங்க. உள்ளே 13 செ.மீ. ஆழம் கிடைக்கும், வாத்து ஏறி உக்காரவும் முடியாது. ரெண்டு முனையிலயும் மூடி ஒட்டி, ஒரு மூடியில அடிமட்டத்துல வால்வு. 3 மீட்டர் பைப் ஏறக்குறைய 49 லிட்டர் பிடிக்கும். தலைக்கு 10 செ.மீ.ன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரே நேரத்துல 60 வாத்து நிக்கும். 200 வாத்துக்கு மூணு பைப் போதும், எல்லாமே ஒரே நேரத்துல குடிக்க வராது.

வடிகால்:
பைப் கணக்கு சரி. அதை எங்க வைக்கிறதுன்னு எழுதலையே? கொட்டகைக்குள்ள வைக்கோல் மேல வச்சா நாலே நாள்ல படுக்கை கூழாயிடும், பூஞ்சை பிடிக்கும், அப்புறம் மூச்சு இரைப்பு. தொட்டிக்குக் கீழே ஒன்றரை மீட்டர் அகலம், முழங்கால் ஆழம் குழி வெட்டி 40 மி.மீ. ஜல்லி நிரப்பி, மேல மரச்சட்டத்துல ஒரு அங்குல வெல்டு வலை. முங்கி நிமிர்ந்து தலையை உதறுற தண்ணியெல்லாம் வலைக்குக் கீழ போயிடும். தீனித்தொட்டி அங்கிருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி. பக்கத்துலயே வச்சா வாயில அள்ளின மாவை நேரா தண்ணியில கொட்டிக் கரைக்கும். தூரமா வச்சா நடந்து போறதுக்குள்ள பாதி உள்ள இறங்கிடும்.

தண்ணி அளவு: முட்டை வாத்து ஒண்ணுக்கு, சிந்துறதையும் சேர்த்து, நாளைக்கு 1 லிட்டர். சித்திரை, வைகாசியில ஒன்றரை. தொட்டி கழுவுற தண்ணி இதுல சேராது.

நீர்க்கோழி:
நிப்பிளைக் கழட்டச் சொல்லாதீங்க. குடிக்கிற தண்ணி சுத்தமா இருக்க அதைவிட நல்ல வழி இல்ல. அது இருக்கட்டும், கூடவே காலையில மூணு மணி நேரம் திறந்த தொட்டி. கண்ணும் கழுவிக்கும், நாள் முழுக்கச் சேறும் ஆகாது.

மடைவாய்:
நீர்க்கோழி அண்ணே, கழட்டச் சொன்னேனா? எங்க எழுதியிருக்கேன்னு காட்டுங்க. நிப்பிள் மட்டும் போதாதுன்னுதான் சொல்றேன்.

ஆரணிக்கூட்டம்:
பெரிய வாத்துக்கு எழுதின ஆழத்தைக் குஞ்சுக்கு வச்சுடாதீங்க. மூணு நாள் குஞ்சு 60, அகலமான பேசின்ல தண்ணி. பேசின் விளிம்புல ஏறி உள்ள விழுந்தது விழுந்தபடி, பதினொரு குஞ்சு நனைஞ்ச பஞ்சுத்திரி மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு கிடந்துச்சு. முங்கிச் சாகல, குளிர்ல விறைச்சே செத்துச்சு. இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் இறகு எண்ணெய் ஒட்டாது, நனைஞ்சா தண்ணி உள்ள இறங்கிடும்.

குஞ்சுக்கு 5-7 செ.மீ. ஆழம், அலகு முங்கினாப் போதும். தட்டுல கூழாங்கல் பரப்பி இடுக்குல மட்டும் தண்ணி தெரியுற மாதிரி விடுங்க. முதல் வாரம் 29-32 டிகிரி சூடு, வாராவாரம் 3 டிகிரி குறைச்சு நாலாவது வாரம் 24. வண்டியில வந்து இறங்கின குஞ்சுக்கு முதல்ல தண்ணி. ஒவ்வொண்ணா அலகைத் தொட்டு நனைச்சு விட்டு, அரைமணி கழிச்சுத்தான் தீனி. வறட்டு மாவை முதல்ல போட்டா தொண்டையில அடைச்சுக்கும்.

தவிட்டுமூட்டை:
கால் வளைஞ்ச குஞ்சு பத்தி யாரும் சொல்லலையே. பத்து நாள் குஞ்சு, கோழிக்குஞ்சுத் தீவனம்தான் போட்டிருக்காங்க. நடக்கச் சொன்னா முழங்காலை மடிச்சு அதுமேலயே தவழ்ந்து தொட்டிக்கு வருது. சுண்ணாம்புச் சத்து குறைன்னு சொல்லி முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாத்த இருந்தாங்க. அது இன்னும் மோசம், அதுல இருக்கிற சுண்ணாம்பு குஞ்சோட கிட்னியைக் கெடுக்கும்.

குறை நியாசின்ல, அது ஒரு பி வைட்டமின். வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில 55 மில்லிகிராம் வேணும், கோழிக்கு அதுல பாதி சொச்சம் போதும். மக்காச்சோளத்துல நியாசின் இருந்தாலும் கட்டுண்டு கிடக்கும், உடம்புல சேராது. 50 கிலோ மூட்டைக்கு ரெண்டரை கிலோ ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் வடிக்கிற ஈஸ்ட்) கலந்தா பற்றாக்குறை ஏறக்குறைய நேராகும். ஏற்கெனவே கால் மடங்கினதுக்கு லிட்டர் தண்ணிக்கு 30-40 மில்லிகிராம் நியாசின், ரெண்டு வாரம். வளைஞ்சு ஒரு வாரத்துக்குள்ள பிடிச்சா நிமிரும், விட்டா அப்படியே நிக்கும்.

பச்சைப்பாத்தி:
எல்லாரும் மூட்டைத் தீவனத்தையே பேசுறீங்க. அசோலா (தண்ணியில மிதந்து வளர்ற சின்னச் செடி) போட்டா தீனிச் செலவு பாதியாக் குறையும். நான் பார்த்த இடத்துல 100 வாத்துக்கு நாளைக்கு 10 கிலோ அசோலா. கூடையைக் கவுத்ததும் ஒரு நிமிஷத்துல தரை தெரிஞ்சுது, அவ்வளவு ஆசையாத் தின்னுச்சு. புரதம் 25 சதவீதம்.

நொய்க்கணக்கு:
ஆசையாத் தின்னும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பச்சைப்பாத்தி, அந்த 25 சதவீதம் காய்ஞ்ச அசோலாவுல. பச்சையா அள்ளுறதுல 94 பங்கு தண்ணி. 10 கிலோவுல காய்ஞ்சது 600 கிராம், புரதம் 150 கிராம். 100 முட்டை வாத்து நாளைக்கு 12 கிலோ தின்னும், 17 சதவீதம்னா 2 கிலோ புரதம் வேணும். 150 எங்க, 2,000 எங்க? அந்த 10 கிலோ தினமும் எடுக்கணும்னா, சதுர மீட்டருக்கு 200-250 கிராம் விளைச்சல்ல, 40-50 சதுர மீட்டர் பாத்தி வேணும். மஞ்சள் கருவுக்கு நிறம் வரும், கீரை மாதிரி சத்து. பாதித் தீனி ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துல வயிறு ரொம்பிடும்கிறதுதான் ஆபத்து. தண்ணியால ரொம்பின வயித்தோட படுத்தா பத்தாம் நாள்ல முட்டை குறையும்.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொந்தக் கலவை எழுதுறேன், முட்டை வாத்துக்கு 100 கிலோ: நொய் 30, மக்காச்சோளம் 20, தவிடு 20, சோயாப் புண்ணாக்கு 16, மீன்தூள் 6, கிளிஞ்சல் தூள் 6, தாது உப்புக் கலவை 2. புரதம் 17-க்கு ஒரு துளி கீழ, சுண்ணாம்பு 3 கிட்ட வரும். மீன்தூள் உப்புப் போடாத மீன்ல அரைச்சதா இருக்கணும். கருவாட்டுக் கழிவு மலிவாக் கிடைக்குதுன்னு கொட்டினா உப்பு ஏறி வாத்து தள்ளாடும், தண்ணித் தொட்டி ஒரு மதியம் காஞ்சிருந்தா அன்னிக்கே சாவு விழும். (நொய்யை எங்க ஊர்ல குருணைன்னும் சொல்வோம். கடையில கேக்கும்போது நொய்னே கேளுங்க, குருணைப் பூச்சி மருந்தும் அதே பேர்லதான் இருக்கு.)

இதை வறட்டு மாவாப் போடக் கூடாது, அலகுல ஒட்டிக் காஞ்சு அடைக்கும். கிலோவுக்கு அரை லிட்டர் தண்ணி தெளிச்சுப் பிசையுங்க. பிடிச்சா உருண்டை நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். கைய விட்டு வழிஞ்சா தண்ணி அதிகம். குஞ்சுன்னா எட்டு வாரம் வரைக்கும் குஞ்சுத் தீனி எப்பவும் முன்னாடி இருக்கணும், அதுக்கு மேல காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. ரெண்டு மணி நேரம் கழிச்சு மிச்சத்தை வாரிடுங்க. வெயில்ல பிசைஞ்ச மாவு மதியத்துக்குள்ள புளிச்சுடும்.

பச்சைப்பாத்தி:
பாதின்னு சொன்னது அதிகம்தான், ஒத்துக்குறேன். அசோலாவே வேண்டாம்னு யாரும் விட்டுடாதீங்க.

செக்கடி:
புண்ணாக்கைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை. கடலைப் புண்ணாக்குக் கட்டியை உடைச்சா உள்ள இளம்பச்சையா ஒரு படலம், மோந்தா பழைய சாக்கு வாசம். மாடு தின்னுச்சு, ஒண்ணும் ஆகல. அதையே மூணு வாரக் குஞ்சுக்குப் போட்டாங்க, ஒரே வாரத்துல நாப்பது போச்சு. அறுத்துப் பார்த்தா கல்லீரல் வெளிறி வீங்கியிருந்துச்சு. அஃப்லடாக்சின், பூஞ்சை விஷம். கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் இருந்தாலே வாத்து தாங்காது, கோழியைவிடப் பல மடங்கு பலவீனம். இந்த விஷத்தை உலகம் கண்டுபிடிச்சதே 1960-ல இங்கிலாந்துல பிரேசில் கடலைப் புண்ணாக்கு தின்ன வான்கோழி ஒரு லட்சத்துக்கு மேல செத்தப்பதான், அப்ப வாத்துக்குஞ்சும் சேர்ந்தே செத்துச்சு. வேகவச்சாலும் வெயில்ல காயவச்சாலும் விஷம் போகாது. குஞ்சுக்குக் கடலைப் புண்ணாக்கே வேண்டாம்.

தாளடி:
நீங்க எல்லாம் கொட்டகை ஆளுங்க. மேய்ச்சல் கூட்டத்துக்குக் கணக்கே வேற. திருத்துறைப்பூண்டி பக்கம் தை மாசம் 800 வாத்து வந்து இறங்குச்சு, சம்பா அறுப்புச் சிதறலை நம்பி. வரப்புல நின்ன வயக்காரர் உள்ள விடல. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே நெல்லுக்குள்ள உளுந்து தெளிச்சிருக்கார், தரையில குனிஞ்சு பார்த்தா ரெண்டு இலை விட்டு நிக்குது. 800 வாத்தும் வரப்புல கழுத்தை நீட்டி நின்னுச்சு பாருங்க. அன்னிக்கு ராத்திரிக்கு 50 கிலோ நெல்லு விலைக்கு வாங்கினாங்க.

அதனால கூட்டம் கிளம்புறதுக்கு முன்னாடியே ஆள் அனுப்பி மூணு விஷயம் கேக்கணும்: உளுந்து, பயறு தெளிச்சாச்சா, கடைசியா மருந்து எப்ப அடிச்சாங்க, வாய்க்கால்ல தண்ணி எத்தனை நாள் நிக்கும். மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க. மூடினப்புறம் வயல்ல சிதறல் இருக்கும், குடிக்கத் தண்ணி இருக்காது. நெல் மட்டும் தின்ன வாத்துக்குத் தண்ணி இல்லன்னா கழுத்துல கல்லு மாதிரி இறுகும்.

காலையில 9 மணிக்கு முன்னாடி பட்டியைத் திறக்காதீங்க, முட்டை எல்லாம் அதுக்குள்ள விழுந்துடும். சாயங்காலம் பட்டிக்குள்ள நுழையும்போது இருபது வாத்தைப் பிடிச்சுக் கழுத்தடியைத் தடவுங்க. வாத்துக்குக் கோழி மாதிரி கழுத்தடியில தனித் தீனிப்பை கிடையாது, தொண்டைக் குழாயே விரியும். கைக்கு நெல்லு நெறநெறன்னு பட்டா மேய்ச்சல் போதும். தளர்ந்து பட்டா தலைக்கு 50-60 கிராம் நெல்லோ நொய்யோ. இருபதுல அஞ்சு காலின்னா மறுநாள் இடத்தை மாத்துங்க.

கேரளாவுல குட்டநாட்டுக் கூட்டங்கள்ல கூந்தற்பனைத் தண்டுக்குள்ள இருக்கிற சோத்தைக் கொத்திப் போடுவாங்க. அது வெறும் மாவுச்சத்துதான், பசி அடங்கும், முட்டை வராது.

ஏரிக்கரை:
வைகாசியில முழங்கால் தண்ணிக்கு வத்தின குட்டை. மீன் செத்து மிதக்குது, நடுவுல செத்த வாத்து ஒண்ணு, மேல புழு. மத்ததெல்லாம் அந்தப் புழுவைத் தேடித் தேடித் தின்னுது. மறுநாள் காலையில பதினாலு வாத்து கழுத்தைத் தண்ணி மேல படுக்கப் போட்டு மிதக்குது, கண் திறந்திருக்கு, தலை தூக்க முடியல. இறகைத் தொட்டா கையோட வருது. போட்டுலிசம், அழுகின பிணத்துல கிருமி உண்டாக்குற விஷம். புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, விஷத்தைச் சுமந்துகிட்டு இருக்கும்.

உடனே கூட்டத்தைக் குட்டையிலிருந்து ஏத்தி, பிணத்தையெல்லாம் ஆழமாப் புதைச்சு, நிழல்ல நல்ல தண்ணி. தலை தொங்குற வாத்தைத் தொட்டிகிட்ட விடக் கூடாது, அலகு முங்கிச் செத்துடும். கையில பிடிச்சு ஊட்டணும்.

புதுசு:
150 உருப்படி இருக்கு. மாசி ஆரம்பத்துல இருந்து மேய்ச்சல் இல்ல, ஆனி வரைக்கும் கொட்டகைதான். எவ்வளவு வாங்கி வைக்கணும்?

நொய்க்கணக்கு:
நாளைக்கு 18 கிலோ. 120 நாளுக்கு 2,160, சிந்துறதுக்கு நூறு கிலோ சேர்த்துக்கங்க. 50 கிலோ மூட்டையில 45 வரும். ஆனா தம்பி, ஒரே தடவையில வாங்கி அடுக்கிடாதீங்க. மூணு வாரத்துக்கு எட்டு மூட்டை போதும். தவிட்டை மட்டும் வாராவாரம் வாங்குங்க, எண்ணெய் எடுக்காத தவிடு சிக்கு வாடை அடிச்சா வாத்து ஒதுக்கிடும். மூட்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரம் பலகையில, சுவத்துல ஒட்டாம.

செக்கடி:
மக்காச்சோளம் வாங்குறப்ப மூட்டையோட நடுவுல கைய விட்டு நாலு மணி எடுத்துக் கடிச்சுப் பாருங்க. டக்குனு உடையணும். பல்லு பதிஞ்சா ஈரம் இருக்கு, திருப்பி அனுப்பிடுங்க. மேல இருக்கிற மணியைக் கடிக்காதீங்க, அது எப்பவும் காஞ்சுதான் இருக்கும்.