பொருள்: மறு: 'கேட்ச்-அப் குரோத்' என்பதற்குத் தமிழ்

> 'ஈடுசெய் வளர்ச்சி' போதுமே. குறைந்ததை ஈடுகட்டுகிறது. 'எட்டிப்பிடி வளர்ச்சி' விளையாட்டுப் பெயர் போல இருக்கிறது.

வணக்கம் ஐயா. நாம் பெயர் தேடுவது, தடைப்பட்டிருந்த குழந்தையின் வளர்ச்சி தடை நீங்கியதும் விரைந்து நடப்பதற்கு.

'ஈடுசெய்' என்ற சொல்லுக்கு இதே துறையில் வேறு வேலை இருக்கிறது. நிறைமாதக் குழந்தையின் நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகள்) கருவின் ஏறத்தாழ 36-ஆம் வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். பிறகு புதிதாக முளைக்காது. கருவில் வளர்ச்சி தடைப்பட்டு 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தவருக்கு அவை எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். இருப்பவை பெருத்து வேலையைச் சுமக்கும். அதைத்தான் 'ஈடுசெய் பருமன்' என்கிறோம். பெருத்த வடிகட்டியில் அழுத்தம் கூடும், நாளடைவில் தழும்பேறும், நடுவயதில் ரத்தக்கொதிப்பாக வந்து நிற்கும். வளர்ச்சிக்கும் அதே அடைமொழி என்றால் மாணவர் குழம்புவார்.

'எட்டிப்பிடி'யில் எனக்குள்ள குறை வேறு. யாரை எட்டிப் பிடிப்பது? பிராடர், டேனர், ஃபான் ஹார்னாக் மூவரும் 1963-இல் அந்த ஆங்கிலப் பெயரை வைத்தபோது, நோயோ பட்டினியோ நீங்கிய குழந்தை விரைந்து வளர்ந்து, வளர்ச்சி வரைபடத்தில் தன் பழைய கோட்டுக்கே திரும்புவதைத்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடை அதில் இல்லை.

நம் வீடுகளில் இதற்குச் சொல் இருக்கிறது: "பிள்ளை தேறிடுச்சு." ஆகவே 'தேறுவளர்ச்சி'. வினைத்தொகை, ஒற்று மிகாது. ('தேறல் வளர்ச்சி' வேண்டாம். சங்கப் பாட்டில் தேறல் என்றால் கள்.)

---

> ஆகவே 'தேறுவளர்ச்சி'.

சொல் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் தேறுவது என்றாலே நல்லது என்று ஆகிவிடுகிறது. தெற்கு டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வைப் பாருங்கள். 26–32 வயதில் சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள் இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு உயரத்துக்கு மேற்பட்ட எடை ஏறிக்கொண்டே போனவர்கள். இத்தனைக்கும் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனாக இல்லை. இதையும் தேறுவளர்ச்சி என்று எழுதினால், "இன்னும் ஊட்டு" என்று நாமே சொல்வது போலாகும்.

---

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. அப்படியானால் ஒன்றை இரண்டாகப் பிரிப்போம்.

தேறுவளர்ச்சி: நீளத்தை வைத்து. கருவயதுக்குச் சிறுத்து (கருவிலிருந்த வாரங்களுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடச் சிறிதாக) பிறந்த குழந்தை இரண்டு வயதுக்குள், சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறுவதைக் காட்டும் அலகு) கீழே ஓடும் கோட்டைத் தாண்டினால் தேறியது. பெண் குழந்தைக்கு அது 80 செ.மீ. பத்தில் ஒன்பது தாண்டிவிடும். தாண்டாதவற்றை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பார்க்க வேண்டும்.

எடைத்தாவல்: உயரம் கூட வராமல் எடை மட்டும் சதமானக் கோடுகளை (நூறு பிள்ளைகளில் எத்தனையாவது இடம் என்று காட்டும் வரைபடக் கோடுகளை) தாண்டி ஏறுவது. இரண்டு வயதுக்குப் பின் வந்தால் கவனம் தேவை.

பதிவில் இன்னொரு வரி அவசியம்: குறைமாதக் குழந்தைக்குத் 'திருத்திய வயது' கொண்டே குறிக்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, ஆறாம் மாதம் 6.4 கிலோ. ஆறு மாதக் கட்டத்தில் புள்ளி வைத்தால், சராசரி 7.3 ஆயிற்றே, பின்தங்கியதாகத் தெரியும். முந்திப் பிறந்த 8 வாரத்தைக் கழித்து நான்கு மாதக் கட்டத்தில் வையுங்கள். சரியாக நடுக்கோட்டில் உட்காரும். முதல் புள்ளியை நம்பிப் புட்டிப்பாலைக் கூட்டினால் எடைத்தாவலுக்கு நாமே வழி செய்கிறோம். இரண்டு வயது வரை இப்படிக் கழிக்க வேண்டும்.

---

'எடைத்தாவல்' சரி. 'எடையேற்றம்' என்றால் சாதாரணமாக எடை கூடுவதோடு கலந்துவிடும். 'கருவயதுக்குச் சிறுத்த' என்பதில் மட்டும் 'சிறுத்த' உறுத்துகிறது. பெற்றோர் கையில் தரும் அட்டையில் அச்சாகும் சொல் அது. 'கருவயதுக்குச் சிறிய' என்று மாற்றிவிடலாமா?