ஸ்தாம்போலீஸ்கி: உழவர்களின் தியாகியா, தன் குழியைத் தானே வெட்டியவரா?

மருதன்:
பல்கேரியப் பிரதமர் அலெக்சாந்தர் ஸ்தாம்போலீஸ்கியின் ஆட்சியை 1923 ஜூன் 9 அன்று ராணுவ அதிகாரிகள் கவிழ்த்தார்கள். சொந்த ஊரான ஸ்லாவோவித்சா பக்கம் பிடிபட்டவரை ஜூன் 14 அன்று சித்திரவதை செய்து, கையை வெட்டிக் கொன்றார்கள். வெட்டிய தலை தலைநகர் சோபியாவுக்குப் போனது. அந்த ஏப்ரலில்தான் அவருடைய கட்சியான உழவர் ஒன்றியம் நாடாளுமன்றத்தின் 245 இடங்களில் 212 வென்றிருந்தது. பணக்காரர்களும் பட்டாளமும் சேர்ந்து குடியானவன் ஆட்சியை ஒழித்த கதை இது என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

வரலாற்றுப்பூனை:
வந்துவிட்டேன். 212 இடம் சரி, வாக்கு எவ்வளவு? பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சத்தை அவர்கள் மாற்றி எழுதிய தேர்தல் சட்டம் கொடுத்தது. 1920இல் பெரும்பான்மை கிடைக்காதபோது, எதிர்க்கட்சிக்காரர்கள் 13 பேரின் வெற்றியைச் செல்லாது என்று அறிவித்துவிட்டுத்தான் தனிக் கட்சியாக ஆட்சி அமைத்தார். 1922 செப்டம்பரில் தர்னோவோ நகரில் தாங்கள் கூட்டிய கூட்டத்துக்கு ரயிலில் போன எதிர்க்கட்சித் தலைவர்களை அவருடைய ஆட்கள் மடக்கி அடித்து, தாடியை வழித்துவிட்டார்கள். முன்னாள் அமைச்சர்கள் அவர்கள்! அப்புறம் சிறையிலும் போட்டார்கள். தடியோடு திரிந்த ஆரஞ்சுப் படையை, அதாவது உழவர் ஒன்றியத்தின் தொண்டர் படையை, மறந்துவிட்டு தியாகி என்று மாலை போடக் கூடாது.

மருதன்:
தாடியை வழித்ததும் கழுத்தை அறுத்ததும் ஒரே தராசில் வருமா பூனையாரே?
இந்த மனுஷன் யார் என்றும் பார்க்க வேண்டும். 1915இல் பல்கேரியாவை முதல் உலகப் போரில் இறக்க ஜார் (மன்னர்) ஃபெர்டினாண்ட் துடித்தபோது, அரண்மனைக்கே போய், இதற்கு உங்கள் தலைதான் விலையாகும் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். என் தலை கிழத்தலை, உன் இளந்தலையைப் பார்த்துக்கொள் என்ற மாதிரி பதில் வந்தது. அந்தப் பேச்சை வெளியிட்டதற்கு ஆயுள் சிறை. 1918இல் போர்முனை உடைந்து சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அவர்களைச் சமாதானப்படுத்த இவரைத்தான் வெளியே விட்டார்கள். மற்றவர்கள் தொடங்கிய போருக்கு, தோற்ற பல்கேரியா மேல் சுமத்தப்பட்ட நெய்யி சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அவமானமும் இவர் தலையில்தான் விழுந்தது.

தாமோ:
குறுக்கே வருகிறேன். மருதன் அண்ணா, "பணக்காரர்கள்" என்பது அவ்வளவு பொருந்தாது. பல்கேரியாவில் அப்போதே பெரும்பாலான நிலம் சிறு விவசாயிகள் கையில்தான். ஒரு குடும்பத்துக்கு 30 ஹெக்டேர் உச்சவரம்பு வைத்தும் பிரித்துக் கொடுக்கப் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. ஆத்திரம் வேறு இடங்களில் இருந்தது. நெய்யி ஒப்பந்தம் ராணுவத்தை 20,000 பேராகச் சுருக்கியதில் வேலை இழந்த அதிகாரிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யூகோஸ்லாவியா வசமிருந்த மக்கதோனியாவுக்காக ஆயுதம் தூக்கிய மக்கதோனியப் புரட்சி அமைப்பு. 1923 மார்ச்சில் யூகோஸ்லாவியாவோடு நிஷ் நகரில் ஒப்பந்தம் செய்து, எல்லை தாண்டும் அவர்களுடைய ஆயுதக் குழுக்களை அடக்குவதாக இவர் ஒத்துக்கொண்டார். அவர்களுக்கு இது துரோகம். வெட்டப்பட்டது நிஷ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கை. தேர்தல் முறைகேட்டுக்குக் கோபப்பட்டவன் கையைத் தேடிப்போய் வெட்ட மாட்டான்.

வரலாற்றுப்பூனை:
தாமோ சொல்வது கொலைகாரன் யார் என்பதற்குப் பதில். என் கேள்வி வேறு: காப்பாற்ற ஏன் யாரும் வரவில்லை? 1919 கடைசியில் தொடங்கிய ரயில்வேக்காரர்களின் வேலைநிறுத்தத்தை ராணுவத்தையும் ஆரஞ்சுப் படையையும் விட்டு நசுக்கினார். நகரத்தான் என்றாலே ஒட்டுண்ணி என்ற பேச்சு. வக்கீல்கள் மேல் தனிக் கடுப்பு. இப்படி எல்லாரையும் பகைத்துக்கொண்டால் ஜூன் 9 அன்று எவன் தெருவில் இறங்குவான்?

தாமோ:
கம்யூனிஸ்டுகளின் கணக்கையும் சேருங்கள். கிராமத்து முதலாளிக்கும் நகரத்து முதலாளிக்கும் நடக்கும் சண்டை என்று ஒதுங்கி நின்றார்கள். பிளெவென் நகரில் உள்ளூர்த் தோழர்கள் உழவர்களோடு சேர்ந்து சண்டையில் இறங்க, தலைமை நிறுத்தச் சொன்னது. செப்டம்பரில் அதே கட்சி மாஸ்கோவின் நெருக்கடியில் கிளர்ச்சியில் இறங்கியது. புதுப் பிரதமர் சான்கோவ் ரத்தத்தில் அடக்கினார். அவர் பொருளியல் பேராசிரியர் வேறு!

மருதன்:
பூனையாரே, ஆணவத்துக்கு விலை கொடுத்தார் என்பதுதானே உங்கள் வாதம்? ஆட்சி போன பிறகும் கொலை நிற்கவில்லையே. உழவர் ஒன்றியத் தலைவர்களில் ஒருவரான ராய்கோ தஸ்காலோவ் அந்த ஆகஸ்டில் பிராகில் சுடப்பட்டார். அதே கட்சியின் பெத்கோ பெத்கோவ் அடுத்த ஜூனில் சோபியாவில். அவருடைய தம்பி நிக்கோலாவை 1947இல் கம்யூனிஸ்ட் அரசு தூக்கில் போட்டது. உழவர் கட்சி என்றால் யார் வேண்டுமானாலும் கொல்லலாமா?

வரலாற்றுப்பூனை:
தஸ்காலோவ் உள்துறை அமைச்சராக இருந்து மக்கதோனியர்களோடு நேரடியாக மோதியவர். அவரைச் சும்மா போன ஆள் மாதிரிச் சொல்லாதீர்கள். நிக்கோலா பெத்கோவை 1923 கணக்கில் சேர்ப்பதும் சரியில்லை. அது ஸ்டாலின் காலத்து நீதிமன்றக் கொலை, அதில் நான் உங்கள் பக்கம்தான். தனித் திரி போடுங்கள், வருகிறேன். ஸ்தாம்போலீஸ்கி விஷயத்தில் ஒரு அங்குலம்கூட நகர மாட்டேன்.