புதுப்பிப்பு: எல்க் வேட்டைக்கு 165-ஆ, 180-ஆ?

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு என் .30-06 ரக ரைபிளில் 165 கிரெய்ன் (தோட்டா எடையின் அலகு; ஒரு கிராம் சுமார் 15 கிரெய்ன்) தோட்டாவா, 180-ஆ என்று போன மாதம் கேட்டிருந்தேன். 180 எடுத்துப் போனேன். அங்கே சட்டப்படி 85 கிரெய்ன் இருந்தாலே போதும். ஆனால் 300 கிலோ எடையுள்ள ஆண் எல்க்கின் தோள் எலும்பு லேசுப்பட்டதல்ல. 165-ஐவிட 180-இன் வேகம் நொடிக்குச் சுமார் 100 அடி குறைவுதான். 200 கெஜத்துக்குள் அது பெரிய விஷயமே இல்லை.

140 கெஜத்தில் ஒரு எல்க் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரே குண்டு. சில அடி நடந்து விழுந்துவிட்டது. தோலுரித்தபோது மறுபக்கத் தோலுக்கடியில் தோட்டா காளான் போல விரிந்து கிடந்தது. அப்புறம் எடைபோட்டால் 152 கிரெய்ன்! ஈயமும் செம்பு உறையும் பிரியாமல் ஒட்டியிருக்கும் வகை அது. எடையைவிட அந்த அமைப்பைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.