பாராசூட் குதிக்கும் இடத்தருகே பறக்கும்போது எதைப் பார்ப்பது?

ஈசூன்வாசி:
வணக்கம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஜண்டகோட் விமான நிலையத்தில் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுத்துவருகிறேன். இப்போது விடுமுறையில் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறேன். திரும்பியதும் பெர்த்துக்குக் கிழக்கே உள்ள யார்க் என்ற ஊர் வரை தனியாகப் பறக்க வேண்டும். வரைபடத்தில் அந்த ஊருக்கு அருகே பாராசூட் குறி இருக்கிறது. குறி மட்டும் தடை ஆகாதே? 5,500 அடியில் போனால் விரிந்த பாராசூட்டுகள் எல்லாம் எனக்குக் கீழேதான் இருக்கும். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு கடந்துவிடலாமா?

பழைய செஸ்னா:
தம்பி, பாராசூட் கீழே இருக்கும், சரி. அது விரியும் முன் அந்த ஆள் எங்கே இருந்தார்? பெரும்பாலும் 14,000 அடியில் கதவைத் தாண்டுகிறார்கள். மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் விழுந்த பிறகே விரிக்கிறார்கள். உங்கள் 5,500 அடி அந்தப் பாதையின் குறுக்கே இருக்கிறது. செஸ்னா 172 போன்ற சிறிய பயிற்சி விமானத்தில் தலைக்கு மேலே இருப்பது இறக்கை. அதன் வழியாக யாரைப் பார்ப்பீர்கள்?

குதிப்பவர்களை ஏற்றிச் செல்லும் விமானத்தை நான் ஓட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: ஆளைத் தேடாதீர்கள், விமானத்தைத் தேடுங்கள். ஆளிடம் டிரான்ஸ்பாண்டர், அதாவது இருப்பிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, கிடையாது. விமானி குதிப்புக்கு முன் வானொலியில் அறிவிப்பார். அந்த அலைவரிசையை முன்கூட்டியே கேட்கத் தொடங்குங்கள். அமைதியாக இருந்தால் காலி என்று அர்த்தமில்லை. குதிப்பவர்களை ஏற்றும் கேரவன் விமானம் அவ்வளவு உயரம் ஏறக் கால் மணி நேரம் பிடிக்கும்.

இன்னொன்று. ஆட்களை இறக்கியதும் மூக்கைக் கவிழ்த்துச் சரசரவென்று இறங்குவோம். பல முறை அவர்களுக்கு முன்னால் நான் தரையில் இருந்திருக்கிறேன். விமானம் ஓடுபாதையில் நிற்கிறதே என்று நுழைந்தால், மேலே இன்னும் பத்துப் பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

காற்றையும் பாருங்கள், தரைக்காற்றை அல்ல, மேல்காற்றை. காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போய்த்தான் கதவைத் திறப்போம். அங்கிருந்து அவர்கள் களத்தை நோக்கி மிதந்து வருவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சில நொடி இடைவெளி விடுவதால் அது ஒரு புள்ளியாக இருக்காது, நீண்ட கோடாகிவிடும். வரைபடக் குறியை மட்டும் சுற்றிப் போகிறவர் அந்தக் கோட்டுக்குள்ளேயே போய்விடலாம்.

செந்தோசா சுரங்கம்:
நான் குதிக்கும் கட்சி. இங்கே செந்தோசாவில், கீழிருந்து வீசும் காற்றில் மிதக்கும் காற்றுச் சுரங்கத்தில் பயிற்சி, குதிப்பதெல்லாம் வெளிநாட்டில். தேசிய தினத்தில் சிங்கப்பூர் ராணுவத்தின் பாராசூட் குழுவான ரெட் லயன்ஸ் சிவப்புப் புகையோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு, நாங்களும் அப்படித் தெரிவோம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் புகை கிடையாது. விழும்போது முகம் கீழே, காதில் காற்றின் இரைச்சல். உங்கள் இயந்திரச் சத்தம் கேட்கவே கேட்காது. விரித்த பிறகும் பக்கத்தில் இருக்கும் நண்பர்மீதும் இறங்கும் இடத்தின்மீதும்தான் கண் இருக்கும்.

தாழ்வாகப் போனால் ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. 2014 மார்ச்சில் ஃபுளோரிடாவில் இறங்கி ஏறும் பயிற்சியில் இருந்த ஒரு சிறிய செஸ்னா பாராசூட்டின் கயிறுகளில் மாட்டியது. விமானி, குதித்தவர் இருவரும் பிழைத்தார்கள்.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. டேப்லட்டில் மற்ற விமானங்கள் தெரியும் செயலி வைத்திருக்கிறேன். அது உதவுமா?

பழைய செஸ்னா:
சமிக்ஞை அனுப்பும் விமானத்தை மட்டும் காட்டும். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு புள்ளி ஏறுகிறதா, உயர எண் 12,000-ஐத் தாண்டுகிறதா, அதுதான் குதிப்பவர்களின் விமானம். எண் மளமளவென்று குறையத் தொடங்கினால் ஆட்கள் வெளியேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு திரையைப் பார்த்துப் பயனில்லை, திரும்பிவிடுங்கள்.

ஈசூன்வாசி:
அப்படியானால் யார்க்கை விட்டுவிட்டு வடக்கே நார்த்தமில் திரும்பலாமா?

பழைய செஸ்னா:
தாராளமாக. பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு வழியை மாற்றுங்கள், அன்று காலை நோட்டாமையும், அதாவது விமானிகளுக்கான அறிவிப்பையும், பாருங்கள். தெற்கே மட்டும் ஒதுங்காதீர்கள். அங்கே பெவர்லி என்ற ஊரில் கிளைடர்கள், அதாவது இயந்திரமின்றி மிதக்கும் விமானங்கள், பறக்கின்றன, அது வேறு தலைவலி.