வாலெலும்பின் மேல் சிவப்பு: காற்று மெத்தை மட்டும் போதுமா?

கேள்வி (கோத்தகிரி)

பக்கவாதம் வந்த என் தாயார் மூன்று மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். இடப்பக்கம் உணர்ச்சி குறைவு. நேற்று உடம்பு துடைக்கும்போது வாலெலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணயமளவு தோல் சிவந்து கறுத்திருக்கக் கண்டேன். காற்று மெத்தை போட்டு ஒரு மாதமாகிறது. ஸ்பிரிட் தேய்க்கச் சொல்கிறார்கள் சிலர். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வாங்கச் சொல்கிறார்கள் வேறு சிலர். ஐப்பசி மழையில் துணியும் காய்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1 (செவிலியர், குன்னூர்)

இரண்டும் வேண்டாம். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும். தேய்த்தால் உள்ளே நசுங்கிய திசு மேலும் சிதையும். வளையத் தலையணையோ சுற்றிலும் அழுத்தி, நடுப்பகுதிக்கு இரத்தம் போவதைத் தடுக்கும். சிவந்த இடத்தை விரலால் மூன்று நொடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் பெரும்பாலும் அபாயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலைப் படுக்கைப் புண். நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டும் பார்க்க வேண்டும்.

மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். ஆகவே முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை மட்டும் சாய்த்து வையுங்கள். சாப்பாட்டு நேரம் தவிர தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் உடல் கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க எலும்பு மட்டும் நகர்வதால்தான் பல புண்கள் உள்ளிருந்து தொடங்குகின்றன. இழுத்து நகர்த்தாமல், விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்குங்கள். தோல் உடைந்துவிட்டால் சலைனால் (கிருமியற்ற உப்புநீர்) மட்டும் கழுவி மூடிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் சதையையும் அரித்துவிடும். நாற்றம், காய்ச்சல், கறுத்த சதை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள்.

பதில் 2 (உதகை)

என் தந்தையை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குளிருக்கென்று உணர்ச்சியற்ற காலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். நான் வைத்து, அவர் சொல்ல முடியாமல் குதிகால் கொப்புளித்தது, ஆற நான்கு மாதம் பிடித்தது. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் விடுங்கள். ஈரம் காயாத விரிப்பைவிடப் பழைய பருத்திச் சேலையின் மடிப்பில்லாத துண்டு மேல். முட்டை, பருப்பு, பால் தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

பதில் 3 (கேள்வி கேட்டவர்)

அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. இன்று காலையிலிருந்து தங்கையும் நானும் முறை வைத்துப் புரட்டுகிறோம். மெத்தை சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

பதில் 4 (செவிலியர், குன்னூர்)

உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, அம்மாவின் இடுப்புக்கு நேராக மெத்தையின் அடியில் நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலக் காற்றாவது இருக்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

பதில் 5 (கேள்வி கேட்டவர்)

கையில் எலும்பே தட்டியது. மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்பில், படுப்பவரின் எடைக்கேற்பத் திருப்பி வைக்கும் குமிழ் 40 கிலோவில் நின்றிருந்தது. அம்மாவின் எடை 58. இப்போது அந்த எடைக்குத் திருப்பி வைத்துவிட்டேன்.