திரும்பும் டிக்கெட் இல்லாமல் வெளிநாடு போனவர்கள் உண்டா? நடந்ததை எழுதுங்கள்

கூடலூர், தேயிலைத் தோட்டம்

அம்மாவை இலங்கையில் உள்ள ஹட்டனுக்கு அழைத்துக்கொண்டு போன அந்தக் காலை இன்னும் நெஞ்சை அறுக்கிறது. பெரியம்மா அங்கே படுத்த படுக்கை. எவ்வளவு காலம் தங்க நேரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போவதற்கு விமானம், பிறகு கிளிநொச்சியில் இருக்கும் மாமாவையும் பார்த்துவிட்டு, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் திரும்புவது என்பது ஏற்பாடு. இ.டி.ஏ. என்கிற இணையவழிப் பயண அனுமதி வந்திருந்தது. கப்பல் டிக்கெட்டும் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

திருச்சி விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பெண் அதைத் தள்ளி வைத்துவிட்டார். திரும்பி வரும் விமான டிக்கெட் இருந்தால்தான் போர்டிங் பாஸ் என்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று அவர் கேட்டது மட்டும் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. உடனே கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஃபேமிலி கார்டை எடுத்து நீட்டினார். ரேஷன் கார்டு அல்ல; தாயகம் திரும்பும் குடும்பம் என்று கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் தாத்தாவுக்குக் கொடுத்த கார்டு. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கும். "நாங்கள் அங்கிருந்து இங்கே வந்துவிட்டவர்கள் அம்மா, எங்கள் வீடு இங்கேதான்" என்றார். அந்தப் பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். என்னவென்று விளங்கவில்லை. பேசாமல் மேசைமேல் வைத்துவிட்டார். அம்மா அதை மறுபடி உறைக்குள் போட முயல, கை நடுங்கி, உள்ளே போகவில்லை.

அங்கேயே நின்று கைபேசியில் இரண்டு விமான டிக்கெட் போட்டுத்தான் ஏறினோம். கொழும்பில் குடிவரவு அதிகாரி, எங்கே தங்குவீர்கள் என்று ஒரே கேள்வி கேட்டு முத்திரை குத்திவிட்டார். டிக்கெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

கேத்தி, காய்கறி விவசாயி

எனக்கு நடந்தது கோலாலம்பூரில். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் அங்கே 30 நாள் வரை விசா தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பினாங்கு பார்த்துவிட்டு, ரயிலில் பாடாங் பெசார் எல்லை தாண்டித் தாய்லாந்து போய், பாங்காக்கிலிருந்து ஊர் திரும்பலாம் என்று எண்ணியிருந்தேன். கேரட் விலை ஏறினால் முன்னதாகவே வர வேண்டும். அதனால் திரும்பும் தேதியை முடிவு செய்யவில்லை.

வரிசையிலிருந்து தனியே ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். ஓட்டல் பதிவைக் கேட்டார், காட்டினேன். பணம் கேட்டார், காட்டினேன். பிறகு, "கையைத் திருப்பிக் காட்டு" என்றார். பூண்டும் கேரட்டும் பிடுங்குகிற கை. காய்ப்பு இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் செம்மண் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே, "எந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தாய்?" என்று கேட்டார். என் வயதுக்கு ஒருமையில்.

கைபேசியில் என் பெயரில் உள்ள நிலத்தின் சிட்டா இருந்தது. அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பாங்காக்கிலிருந்து சென்னைக்கு டிக்கெட்டும் அங்கேயே உட்கார்ந்து எடுத்துக் காட்டினேன். விட்டுவிட்டார்கள். டிக்கெட் கேட்டது நியாயம். கையைப் பார்த்தது நியாயமே இல்லை.

குன்னூர், ஓய்வுபெற்றவன்

மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது கோவையில் என்னிடமும் கேட்டார்கள். காட்டினேன், முடிந்தது.

கூடலூர் சகோதரி அந்தக் கவுண்டர் பெண்மேல் வருத்தப்படுவது சரியல்ல. பயணிக்கு நுழைவு மறுக்கப்பட்டால், கொண்டுவந்த விமான நிறுவனமே திருப்பி ஏற்றிச் செல்ல வேண்டும். விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் 9-ஆவது இணைப்பு அதைத்தான் சொல்கிறது. பல நாடுகள் அதற்குமேல் அபராதமும் போடுகின்றன. அதனால்தான் கவுண்டரில் இருப்பவர்கள் டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பில் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். அதில் திரும்பும் அல்லது மேற்கொண்டு செல்லும் டிக்கெட் வேண்டும் என்று இருந்தால், அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். இ.டி.ஏ. கையில் இருப்பதாலேயே நுழைவு உறுதியாகிவிடாது. முடிவு அங்கே இருக்கும் அதிகாரியுடையது.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தேதி நிச்சயமில்லை என்றால், கட்டணம் கூடுதலானாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாக எடுங்கள். இணையத்தில் சிலர் சில நூறு ரூபாய்க்கு வெறும் முன்பதிவுத் தாள் கொடுக்கிறார்கள்; அதைத் தொடவே தொடாதீர்கள். முன்பதிவு எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. தரைவழியாக வேறு நாட்டுக்குப் போவதானால் ரயில் அல்லது பஸ் டிக்கெட்டையும், அந்த நாட்டிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றையும் தாளில் வையுங்கள். நம் மலையிலிருந்து இறங்கி விமான நிலையம் சேர்வதற்குள் கைபேசியில் சார்ஜ் இருக்காது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு அது பொருந்தும். சுற்றுலாவாகப் போனாலும் இந்தியாவை விட்டு வெளியேறும் இடத்திலேயே திரும்பும் டிக்கெட் கேட்கப்படும். நம் தோட்டத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று ஏற்றிவிட்டு, அங்கே வேலையில் மாட்டிவிடும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி அந்தப் பிள்ளைகளைக் காப்பதற்காக வந்தது. பர்லியாறு பாதையில் மண் சரியும் மழைக்காலத்தில் முந்தைய நாளே கோவை போய்விடுங்கள்.

கூடலூர், தேயிலைத் தோட்டம்

குன்னூர் அண்ணன் அவர்களே, அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. திரும்பும் டிக்கெட் இல்லாமல் நாங்கள் போகவும் இல்லை. கப்பல் டிக்கெட் திரும்பும் டிக்கெட் இல்லையா? அதற்குப் பதில் சொல்லாமல் பாக்கி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள்.

உதகை

என் மாமியார், தம் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனார். விசா இருந்தது, திரும்பும் டிக்கெட் எடுக்கவில்லை. எப்போது திரும்புவீர்கள் என்று அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் சொன்னாராம். "பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் வந்துவிடுவேன். வீட்டில் மாடு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி எத்தனை நாளைக்குக் கறப்பாள்?" என்று இவர் கேட்டிருக்கிறார். மாட்டுக்கு என்ன பெயர் என்றாராம் அதிகாரி. லட்சுமி என்றாராம். ஆறு மாதம் போட்டுக் கொடுத்துவிட்டார். டிக்கெட்டைக் கேட்கவே இல்லை. ஆகவே எல்லாம் தாளில்தான் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பந்தலூர்

உதகைக்காரர் சொல்வது அமெரிக்கா. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் அதை நம்பிப் போகாதீர்கள். அங்கே மாட்டின் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

கூடலூர் தங்கையின் தாயார் நீட்டிய கார்டு என் அப்பாவிடமும் இருக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. தலைமன்னாரில் ஏற்றி, ராமேசுவரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் வைத்து, அங்கிருந்து இந்த மலைக்கு அனுப்பினார்கள். தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து முதுகு வளைந்தவர்களுக்கு அக்காள் தங்கை முகம் பார்க்க ஒரு நியாயமான வழி வேண்டும். இப்போது கப்பல் ஓடுகிறது. கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுகிறார்கள், அது வேறு. ஓடும் நாளில் அந்த டிக்கெட்டைக் கவுண்டரில் மதிக்க வேண்டாமா?

கப்பல் டிக்கெட்டைக் காட்டி, கொழும்புக்கு ஒருவழி விமானத்தில் ஏறியவர்கள் யாராவது இருந்தால், எந்த ஊர் விமான நிலையம், கவுண்டரில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். தை பிறந்ததும் என் அத்தை பொகவந்தலாவைக்குக் கிளம்புகிறார்.